லூப் பதிவில் நழுவும் காலம்

கணினியில் லூப் போட்டுப் பதிவு செய்கிறவர்களில் பெரும்பாலோர் என்றாவது ஒருநாள் இப்படிப் புலம்பியிருப்பார்கள்: வாசிக்கும்போது தாளத்தில்தான் இருந்தது, திரும்பப் போட்டால் இழுக்கிறது. அதற்குக் கிடைக்கிற யோசனையும் பெரும்பாலும் ஒன்றுதான். பஃபரைக் குறை. சில சமயம் அது பலிக்கும். பல சமயம் பலிக்காது. குறைத்த பஃபரால் ஒலி வெடித்து வெடித்து வந்து புதிதாக இன்னொரு தொல்லைதான் சேரும்.

வாசிப்பவர் தன் ஒலியைத் தாமதமாகக் கேட்பது ஒரு கோளாறு. பதிவான ஒலியை மென்பொருள் காலக்கோட்டில் தவறான இடத்தில் வைப்பது வேறொரு கோளாறு. முன்னதைப் பஃபர் தீர்க்கும். பின்னதற்கும் பஃபருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இந்த இரண்டையும் பிரிக்காமல் சொல்லப்படும் அறிவுரைகள்தான் இந்தத் துறையில் ஏராளம். பிசகு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், அது எந்த வடிவில் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வடிவம் தெரிந்துவிட்டால் காரணம் பாதி தெரிந்த மாதிரிதான்.

முதலில் ஒலி போய்வரும் வழி. தாளம் காட்டும் க்ளிக் மென்பொருளில் பிறந்து, ஒரு பஃபரில் காத்திருந்து, யூஎஸ்பி வழியாக இண்டர்ஃபேஸுக்குப் போய், எண்களிலிருந்து மின்னலையாக மாறி ஹெட்ஃபோனை அடைகிறது. அதைக் கேட்டு வாசிப்பவர் போடும் அடி மைக்கில் விழுந்து, மறுபடி எண்ணாகி, இன்னொரு பஃபரில் காத்திருந்து மென்பொருளுக்கு வந்து சேர்கிறது. விநாடிக்கு 48,000 சாம்பிள் வீதத்தில் 256 சாம்பிள் பஃபர் என்றால் போக 5.3, வர 5.3, ஆக ஏறத்தாழ 10.7 மில்லி விநாடி. மாற்றிகள் எடுத்துக்கொள்ளும் நேரமும், டிரைவர் தன் பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் கூடுதல் பஃபரும் இதற்கு மேல். 1,024 சாம்பிள் என்றால் பஃபர் மட்டுமே 42.7 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடியை நான்காகப் பிரித்தால் ஒரு கூறு 125 மில்லி விநாடி; அதில் மூன்றில் ஒரு பங்கு இங்கேயே போய்விடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க: மேடையில் மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி காற்றில் நம்மை அடைய ஏறக்குறைய 9 மில்லி விநாடி ஆகிறது. அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை.

மென்பொருளுக்கு இந்தப் பயணநேரம் தெரியும், அல்லது தெரியும் என்று அது நம்புகிறது. "உள்ளே வர இத்தனை சாம்பிள், வெளியே போக இத்தனை சாம்பிள்" என்று டிரைவர் அறிவிக்கும். மென்பொருள் பதிவை அந்த அளவுக்கு முன்னால் இழுத்து வைக்கும். ஸ்டைன்பெர்க் 1997இல் கொண்டுவந்த ஏசியோ, மேக்கின் கோர் ஆடியோ, லினக்ஸின் ஜாக் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு உண்டு. டிரைவர் சொல்லும் எண் சரியாக இருந்தால், பஃபர் 64 ஆனாலும் 1,024 ஆனாலும் பதிவு ஒரே இடத்தில்தான் உட்காரும். பஃபரைக் குறைத்தும் பதிவு நகரவில்லை என்று சிலர் வியப்பதன் காரணம் இதுதான். நகரக் கூடாது என்பதே ஏற்பாடு.

சிக்கல் என்னவென்றால், டிரைவர் சொல்லும் எண் பல நேரம் அரைகுறையாக இருக்கிறது. மாற்றிகளின் நேரத்தை விட்டுவிடும். பாதுகாப்புப் பஃபரைக் கணக்கில் காட்டாது. இண்டர்ஃபேஸுக்கென்று எழுதப்படாத பொதுவான மேலுறை டிரைவர்கள் தோராயமாகத்தான் சொல்ல முடியும். ஆடாசிட்டி ஒரு நிலையான எண்ணைத் தொடக்க மதிப்பாக வைத்திருக்கிறது: -130 மில்லி விநாடி. உங்கள் கணினிக்கு அது பொருந்தினால் அதிர்ஷ்டம்.

ஒரு கேபிள் போதும்

அதிர்ஷ்டத்தை நம்பாமல் அளப்பதற்கு ஒரு கேபிள் போதும். இண்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து அதன் உள்ளீட்டுக்கே கேபிளைச் செருக வேண்டும். க்ளிக்கை ஓர் ஆடியோ தடமாக்கி ஓடவிட்டு, இன்னொரு தடத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவாகும் தடத்தின் மானிட்டரையும், உள்ளே வரும் ஒலியைக் கணினிக்குப் போகாமலே காதுக்கு அனுப்பும் இண்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். பிறகு திரையைப் பெரிதாக்கி, மூல க்ளிக்கின் முதல் எழுச்சிக்கும் பதிவான க்ளிக்கின் முதல் எழுச்சிக்கும் இடையே எத்தனை சாம்பிள் என்று எண்ண வேண்டும்.

சோதனையை லூப்பிலேயே செய்ய வேண்டும் என்பதுதான் பலர் விட்டுவிடும் பகுதி. ஒரே ஒரு முறை நேராகப் பதிவு செய்து அளந்தால் ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். நான்கு பார் லூப்பைப் பல சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு டேக்கிலும் அளந்தால்தான் வடிவம் தெரியும். எல்லாச் சுற்றிலும் ஒரே எண்ணா, சுற்றுக்குச் சுற்று கூடுகிறதா, நடுவே ஓரிடத்தில் திடீரென்று தாவுகிறதா, முன்னும் பின்னுமாகச் சிதறுகிறதா? மனிதக் கை கலக்காத சோதனை என்பதால், இதில் தெரிகிற பிசகு முழுக்க இயந்திரத்தினுடையது.

எல்லாச் சுற்றிலும் ஒரே எண் வந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை. டிரைவர் தவறாகச் சொல்கிறது, அதுவும் மாறாமல் தவறாகச் சொல்கிறது. அளந்த எண்ணை மென்பொருளில் எழுதிவிட்டால் தீர்ந்தது. ஏபிள்டன் லைவில் டிரைவர் எரர் காம்பன்சேஷன் என்றும், லாஜிக்கில் ரெக்கார்டிங் டிலே என்றும், ரீப்பரில் பதிவு அமைப்புக்குள் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனி மேனுவல் ஆஃப்செட் என்றும் இதற்கான இடம் இருக்கிறது. எழுதிய பின் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கூட்டல் குறி கழித்தல் குறியில் தடுமாறிப் பிசகை இரட்டிப்பாக்கிக்கொள்வது சர்வசாதாரணம். சாம்பிள் வீதத்தை மாற்றினால் எண் மாறும். சில யூஎஸ்பி இண்டர்ஃபேஸ்களில் கருவியை எடுத்துச் செருகும்போதெல்லாம் எண் கொஞ்சம் மாறும். அப்படிப்பட்ட கருவி வைத்திருப்பவர் முக்கியமான பதிவுக்கு முன் ஒரு முறை அளந்துகொள்வது நல்லது.

கூடிக்கொண்டே போகும் பிசகு

சுற்றுக்குச் சுற்று பிசகு கூடினால் விஷயம் வேறு. அங்கே இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன என்று பொருள். இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1965இல் "இட்ஸ் கோனா ரெய்ன்" படைப்புக்காக ஒரே பேச்சுத் துண்டை இரண்டு டேப் லூப்பாக்கி இரண்டு ரெக்கார்டர்களில் ஓடவிட்டபோது, அவற்றின் வேகம் துளி வேறுபட்டதால் ஒன்று மற்றொன்றை விட்டு மெல்ல விலகியது. அவருக்கு அது ஒரு புது இசை முறையாக வாய்த்தது. நமக்கு அது வேண்டாத விருந்தாளி.

டிஜிட்டலில் அதே விலகலுக்குக் காரணம் குவார்ட்ஸ் படிகங்கள். ஒவ்வொரு ஒலிக்கருவியும் தன் படிகத்தின் துடிப்பில் சாம்பிள் எண்ணுகிறது. இரண்டு படிகங்கள் ஒருபோதும் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. யூஎஸ்பி மைக்கில் பேசி, லேப்டாப்பின் சொந்த ஒலியட்டையில் கேட்கிறவர் இரண்டு கடிகாரங்களோடு வேலை செய்கிறார். இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவில் வேறுபாடு இருந்தால் நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி விலகும். எட்டு விநாடி லூப்பில் இது அரை மில்லி விநாடி கூட இல்லை என்று தோன்றும். ஆனால் லூப் திரும்பினாலும் பதிவு நிற்பதில்லை, தொடர்ந்து ஓடுகிறது. நாற்பதாவது சுற்றில் விலகல் 16 மில்லி விநாடி ஆகிவிடும். முதல் டேக் கச்சிதம், பிந்திய டேக்குகள் எல்லாம் இழுவை என்றால் பாடகரின் களைப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்துவதுதான் முழுத் தீர்வு. மேக்கில் இரண்டு கருவிகளை ஒன்றாகச் சேர்க்கும் அக்ரிகேட் டிவைஸ் அமைப்பில் டிரிஃப்ட் கரெக்ஷன் என்ற தேர்வு உண்டு, அது சமாளிக்கும். ஸ்டுடியோக்களில் எல்லாக் கருவிகளையும் ஒரே வேர்டு க்ளாக்கில் கட்டிவிடுவார்கள்.

கடிகாரம் ஒன்றேயானாலும் டெம்போ எண் தவறாக இருந்தால் இதே சரிவுதான் வரும். வெளியிலிருந்து எடுத்த டிரம் லூப்பின் உண்மையான வேகம் 97.98, மென்பொருளில் 98 என்று போட்டோம் என்றால், நான்கு நிமிடத்தில் ஏறக்குறைய 49 மில்லி விநாடி விலகும். 44.1 கிலோ ஹெர்ட்ஸில் பதிவான கோப்பை 48இல் ஓடும் ப்ராஜெக்ட் அப்படியே வாசித்தால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடி, சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டாம், காதே சொல்லிவிடும்.

எம்பி3 கோப்பை லூப்பாகப் பயன்படுத்துவது தனி வில்லங்கம். பரவலாகப் புழங்கும் லேம் என்கோடர் தொடக்கத்தில் 576 சாம்பிளைச் சேர்க்கிறது, டீகோடர் 529ஐச் சேர்க்கிறது. மொத்தம் 1,105 சாம்பிள், 44.1 கிலோ ஹெர்ட்ஸில் 25 மில்லி விநாடி மௌனம். 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாக நிரப்ப வேண்டியிருப்பதால் கடைசியிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். கோப்பின் தலைப்பிலுள்ள குறிப்பைப் படித்து இதை வெட்டிவிடும் மென்பொருள்கள் உண்டு, படிக்காதவையும் உண்டு. லூப்புக்கு வேவ் கோப்பே உத்தமம்.

படிக்கட்டு போல ஓரிடம் வரை சரியாக இருந்து அப்புறம் சட்டென்று தாவும் பிசகுக்குக் காரணம் பெரும்பாலும் தவறவிட்ட சாம்பிள்கள். கணினி ஒரு கணம் வேறெங்கோ கவனம் சிதறியது. பஃபர் நிரம்பி வழிந்தது. சில நூறு சாம்பிள் காணாமல் போனது. அதற்குப் பின் வந்த எல்லாம் அந்த அளவுக்கு முன்னால் நகர்ந்துவிடும். ஜாக் இதை எக்ஸ்ரன் என்று எண்ணிக் காட்டும். விண்டோஸில் வைஃபை டிரைவரும் மின்சேமிப்பு அமைப்பும் வழக்கமான குற்றவாளிகள். எந்த டிரைவர் கணினியைப் பிடித்து நிறுத்துகிறது என்று காட்ட லேட்டன்சிமான் என்ற கருவி இருக்கிறது. இந்த ஒரு வகைப் பிசகுக்குப் பஃபரைக் கூட்டுவதுதான் வைத்தியம். எதற்கெடுத்தாலும் "குறை" என்பவர்கள் இங்கே நேர் எதிர் மருந்தைக் கொடுக்கிறார்கள்.

அடுக்கடுக்காகச் சேரும் கடன்

சாதாரணப் பதிவில் 12 மில்லி விநாடிப் பிசகு இருந்தால் எல்லாத் தடமும் 12தான் பிந்தும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் லூப்பில் அப்படியில்லை. முதல் அடுக்கு க்ளிக்குக்கு 12 பிந்தி உட்காருகிறது. க்ளிக் எரிச்சலாக இருக்கிறது என்று அதை அணைத்துவிட்டு, முதல் அடுக்கைக் கேட்டு இரண்டாவதை வாசிக்கிறார்கள். அது முதல் அடுக்குக்கு 12, க்ளிக்குக்கு 24 பிந்துகிறது. நான்காவது அடுக்கு 48இல் நிற்கிறது. ஒவ்வொரு அடுக்கும் தனக்கு முந்தியதோடு சேர்த்துக் கேட்டால் மோசமில்லை. மொத்தமாகக் கேட்டால் சேறு. "நாலாவது லேயர் வரை நன்றாகத்தான் இருந்தது" என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். அடுக்கு கூடக் கூட மோசமாகிறது என்பதால் இதைப் பலர் கணினியின் சுமை என்று நினைத்து ரேம் வாங்கிப் போடுகிறார்கள். ரேம் இதில் எதுவும் செய்யாது. பிசகு சிறியதாக இருக்கும்போதே கேபிள் சோதனையில் பிடித்துவிட வேண்டும். உடனடியாக முடியாவிட்டால், எல்லா அடுக்குக்கும் க்ளிக்கையோ முதல் அடுக்கையோ மட்டும் உரக்க வைத்து, மற்றதைத் தணித்து வாசிக்கலாம்.

எது சரியான இடம்?

இதுவரை சொன்னதில் சரி தவறு தெளிவு. மானிட்டரிங் விஷயத்தில்தான் அறிந்தவர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

பாடகர் தன் குரலை இண்டர்ஃபேஸின் நேரடி மானிட்டர் வழியாகக் கேட்கிறார் என்றால் வாதமே இல்லை. க்ளிக்கும் குரலும் அவர் காதில் ஒரே கணத்தில் சேர்கின்றன. பயணநேரம் முழுவதையும் கழித்துவிட்டால் பதிவு சரியான இடத்தில் விழும். எலெக்ட்ரிக் கிட்டார்க்காரர் மென்பொருளுக்குள் இருக்கும் ஆம்ப் வழியாகக் கேட்கும்போது நிலைமை மாறுகிறது. கம்பியைத் தொட்டு, சொல்லுங்கள், 15 மில்லி விநாடி கழித்துத்தான் அவருக்கு ஒலி கேட்கிறது. தேர்ந்த கை என்ன செய்யும்? காதில் விழுவது க்ளிக்கோடு பொருந்த வேண்டும் என்பதற்காக விரலைத் தன்னையறியாமல் கொஞ்சம் முன்னால் நகர்த்தும். மென்பொருளோ பயணநேரம் முழுவதையும் கழிக்கிறது. விளைவு, அவர் பொருத்தி வாசித்தது திரும்பக் கேட்கும்போது முந்தி ஓடுகிறது. இரண்டு பேரும் திருத்தியதால் வந்த வினை.

ஏபிள்டன் லைவ் இதற்காகவே ஒரு நிலைப்பாடு எடுத்தது: தடத்தின் மானிட்டர் இயங்கினால் வாசித்தவர் கேட்ட இடத்திலேயே பதிவை வைக்கும், மானிட்டர் அணைந்திருந்தால் கழித்து வைக்கும். இதை அறியாமல் நேரடி மானிட்டரில் கேட்டுக்கொண்டே, மென்பொருள் மானிட்டரையும் ஒலி குறைத்து இயங்கவிட்டவர்களுக்குப் பதிவு பிந்தி வரும். மென்பொருளில் பிழை என்பார்கள். பிழையில்லை, அது ஒரு கொள்கை. எதிர்க்கட்சியின் வாதமும் லேசானதல்ல. அறையிலேயே உரக்க ஒலிக்கும் வாத்தியம் என்றால் வாசிப்பவர் ஹெட்ஃபோனை நம்புவதில்லை. மிருதங்கமோ தபலாவோ வாசிப்பவர் தோலில் விழும் அடியையே தாளத்தோடு பொருத்துகிறார். அவருக்குக் "கேட்ட இடம்" என்ற கொள்கை நிச்சயமாகத் தவறு செய்யும்.

என் தீர்ப்பைச் சொல்வதென்றால்: தானே ஒலிக்கும் வாத்தியத்துக்கும் குரலுக்கும் எப்போதும் முழுக்கக் கழிக்க வேண்டும், மென்பொருள் மானிட்டர் வேண்டாம். குரலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எலும்பு வழியாக உடனே கேட்கும் குரலோடு சில மில்லி விநாடி பிந்திய குரல் கலந்தால் ஓசை குடத்துக்குள்ளிருந்து வருவது போல வெளிறிவிடும். தானாக ஒலிக்காத கிட்டார், சிந்தசைசர் போன்றவற்றுக்குக் கேட்ட இடமே நியாயம். ஆனால் மொத்தத் தாமதத்தைப் பத்து மில்லி விநாடிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் விரல் அவ்வளவாக நகர்வதில்லை, வாதமும் நீர்த்துப்போகும். பஃபரைக் குறை என்ற அறிவுரைக்கு உரிய இடம் இதுதான். மாஸ்டர் தடத்தில் முன்நோக்கும் லிமிட்டரையும் லீனியர் ஃபேஸ் ஈக்வலைசரையும் போட்டுவைத்துக்கொண்டு பஃபரை 64 ஆக்குவது வீண் வேலை; அவை ஆயிரக்கணக்கான சாம்பிள் தாமதத்தை அங்கேயே சேர்த்திருக்கும். பதிவு முடியும்வரை அவற்றை அணைத்துவைக்கலாம். லாஜிக்கின் லோ லேட்டன்சி மோட், க்யூபேஸின் கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன் இதைத் தாமாகச் செய்யும். லைவ் பயன்படுத்துபவர்கள் இரண்டு தடம் திறந்து, ஒன்றில் மானிட்டரை அணைத்துப் பதிவு செய்து, மற்றொன்றைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது பழைய, நல்ல உத்தி.

லூப்பின் தையல்

லூப் முடிந்து திரும்பும் இடத்தில் வேறு வகைச் சங்கடங்கள். முதல் அடிக்கு 20 மில்லி விநாடி முன்னால் விழுந்த சுரம் இந்த டேக்கின் தலையில் இல்லாமல் முந்தைய டேக்கின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் சுற்றாக இருந்தால் பதிவாகாமலே போகும். மிடியில் இன்னும் மோசம்: அந்தச் சுரம் லூப்பின் கடைசியில் தெரியும், குவாண்டைஸ் செய்தால் தவறான அடிக்கு இழுபடும். க்யூபேஸில் இதற்காக முந்தி விழும் சுரத்தைப் பிடிக்கும் எல்லையை மில்லி விநாடியில் குறிக்கலாம். கடைசி அடியின் கார்வை வெட்டுப்படுவது தையலின் மறுபக்கம்.

கர்நாடகப் பாட்டைப் பதிவு செய்கிறவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. அதீத எடுப்பு உள்ள பாட்டு, ஆவர்த்தனத்தின் முதல் அடியான சமத்துக்கு முன்பே தொடங்குகிறது. லூப்பைச் சமத்தில் தொடங்கினால் பல்லவியின் முதல் எழுத்து அறுபடும். சமத்துக்குப் பின் தொடங்கும் அனாகத எடுப்பில் தலை தப்பிக்கும். ஆனால் வரி சமத்தைத் தாண்டி முடிந்தால் வால் மாட்டும். லூப்பின் எல்லையை எடுப்புக்கு ஏற்பச் சில அட்சரம் முன்தள்ளி வைக்கலாம். அல்லது லூப் பதிவையே விட்டுவிட்டு, மூன்று ஆவர்த்தனம் நேராகப் பதிவு செய்து நடு ஆவர்த்தனத்தை வெட்டி எடுத்துச் சுற்றவிடலாம். அதன் தலையில் முந்தைய ஆவர்த்தனத்தின் கார்வை இயல்பாகவே இருக்கும், அதனால் தையல் தெரியாது. லூப் பதிவு வசதியைப் புகழும் கையேடுகள் சொல்லாத இந்த எளிய வழிதான் எனக்கு அதிகம் உகந்தது.

கேபிள் சோதனை காட்டும் வடிவங்களில் மீதமுள்ளது சிதறல்; அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ப்ளூடூத் ஹெட்ஃபோன் பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்கும் மேல் தாமதிக்கும், டிரைவருக்கு அது முழுதாகத் தெரியவும் தெரியாது. பதிவின்போது கம்பியுள்ள ஹெட்ஃபோனைத் தவிர வேறு வழியில்லை. பழைய ஐந்து முள் மிடி கேபிள் விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடுவதால் ஒரு சுரச் செய்திக்கு ஏறத்தாழ 1 மில்லி விநாடி. பத்து விரல் கார்டு ஒரே கணத்தில் போய்ச் சேராது. இதையெல்லாம் நீக்கிய பிறகும் கேபிள் சோதனை நேராக இருந்து, வாசிப்பு மட்டும் சிதறினால், அது வாசிப்பவருடைய சிதறல். அதைத் திருத்த வேண்டுமா என்பது இசைக் கேள்வி, தொழில்நுட்பக் கேள்வி அல்ல. இயந்திரப் பிசகை அளந்து நீக்காமல் முதலிலேயே குவாண்டைஸ் செய்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே பதிவாகிவிட்டவற்றை என்ன செய்வது? கேபிள் சோதனை செய்யாமல் பாடிய டேக்குகள், இண்டர்ஃபேஸும் இப்போது கையில் இல்லை என்ற நிலை பலருக்கு உண்டு. அப்போது குரல் தடத்தில் மௌனமான இடங்களைத் தேடி, ஒலியை நன்றாகக் கூட்டிக் கேட்க வேண்டும். ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த க்ளிக் மைக்கில் மெலிதாகப் பதிவாகியிருக்கும். கலவை செய்பவர்கள் சலித்துக்கொள்ளும் அந்தக் கசிவு, க்ளிக் பாடகரின் காதருகே ஒலித்த கணத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. திருத்தம் சரியாக நடந்திருந்தால் அது மூல க்ளிக்கின் மேல் உட்கார வேண்டும். 9 மில்லி விநாடி பிந்தியிருந்தால் தடம் முழுவதையும் 9 மில்லி விநாடி முன்னால் நகர்த்தலாம், ஒரு சுரத்தையும் தனியாகத் தொடாமல். பல டேக் இருந்தால் முதல் டேக்கிலும் கடைசி டேக்கிலும் கசிவை அளந்து ஒப்பிடலாம். இரண்டு எண்ணும் ஒன்றானால் ஒரே நகர்த்தல் போதும். வேறானால் இரண்டு கடிகாரங்களோ தவறவிட்ட சாம்பிள்களோ காரணமாக இருக்கும், ஒவ்வொரு டேக்கையும் அதனதன் எண்ணுக்கு ஏற்பத் தனித்தனியாகத்தான் நகர்த்த வேண்டும்.